அந்தரத்தில் நின்ற பந்து

ஜெனிட்டாவை இப்போதெல்லாம் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். எங்கள் மலை ஆஸ்பத்திரியின் வைஃபையைப் பார்த்துக்கொண்ட தற்காலிக ஊழியர். நகரத்து டாக்டர் வீடியோவில் கர்ப்பிணிகளைப் பார்க்கும்போது படம் பாதியில் உறைந்துவிடும். அவள் அதைச் சரிசெய்யப் போன அன்று நிர்வாகி குணாளன் மிரட்டினார்.

"என் போனுக்குத்தான் முதலிடம் தரணும். எல்லாம் ஆபீஸ் வேலை. இல்லேன்னா நாளையிலிருந்து வராதே."

"சரிங்க சார். ஆபீஸ் வேலை எல்லாம் முதல்ல, மத்ததெல்லாம் கடைசியிலன்னு விதி போட்டுடறேன்."

மறுநாள் டாக்டரின் முகம் தெளிவாகத் தெரிந்தது. குணாளன் எல்லோர் முன்னாலும் கத்தினார்.

"என்னம்மா பண்ணினே? என் போன்ல நின்னுபோச்சு!"

"மெயில் போகுதா சார்?"

"போகுது."

"ஆபீஸ் கால்?"

"அதுவும்தான்."

"அப்போ எது சார் நின்னுச்சு? சொல்லுங்க, அதையும் ஆபீஸ் வேலையில சேர்த்துடறேன்."

அவர் கையிலிருந்த போனில் கிரிக்கெட் பந்து ஒன்று அந்தரத்தில் நின்றிருந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் சட்டைப்பையில் இருந்த போனிலும் அதே பந்துதான் நின்றிருந்தது.