பொத்தல் பாட்டுத் தொம்மையார்

சேந்தமணல் கடற்கரையில் வியாகுல மாதா கோயிலுக்குக் கோயில்பிள்ளையாக இருந்தவர் தொம்மையார். கோயில்பிள்ளை வேலை என்றால் பெரிய பதவி என்று எண்ணிவிட வேண்டாம். விடியுமுன் திருந்தாதி என்னும் ஜெபமணி அடிப்பார். வௌவால் எச்சத்தைக் கூட்டித் தள்ளுவார். தரையில் சொட்டி உறைந்த மெழுகைக் கத்தியால் சுரண்டுவார், பீடத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போட்டுக் காயவைப்பார். இத்தனையும் முடிந்தபின், தமது நொண்டிக் காலை இழுத்துக்கொண்டு மரப்படி ஏறிப் பாட்டு மாடிக்குப் போவார். அங்கே நின்ற பழைய குழல் ஆர்கனைத் தோள்துண்டால் துடைத்துவிட்டு, ஆளில்லாத கோயிலைப் பார்த்து ஒரு பாட்டின் அடிக்குரலை மட்டும் மெல்லப் பாடுவார். பிறகு இறங்கி வந்து, வீட்டில் தமக்குத் தாமே கஞ்சி காய்ச்சிக் குடிப்பார். பல வருஷங்கள் அவருடைய காலைப்பொழுது இப்படியே கழிந்தது.

கோயிலுக்கு வருமுன் அவர் கடல் தொழில் செய்தவர். இருபத்திரண்டு வயதில், அலையில் வள்ளம் ஏறும்போது கால் அகப்பட்டு எலும்பு முறிந்தது. இனிக் கடலுக்கு ஆகமாட்டார் என்றானதும், ஆர்கனுக்குத் துருத்தி ஊத ஆள் வேண்டுமென்று கோயிலில் எடுத்துக்கொண்டார்கள். அந்தக் காலத்து ஆர்கனுக்கு மின்சாரம் கிடையாது. முன்னால் ஒருவர் வாசிக்க, பின்னால் ஒருவர் கைப்பிடியை மேலும் கீழும் அழுத்திக் காற்றுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். வாசிப்பவர் முகம் ஜனங்களுக்குத் தெரியும். காற்றுக் கொடுப்பவர் முகம் ஒருவருக்கும் தெரியாது.

அப்படி இருட்டில் நின்று காற்றுக் கொடுத்த நாட்களில்தான் தொம்மையார் ஒன்றைக் கண்டுகொண்டார். இரண்டு குழல்கள் பிசிறில்லாமல் சுருதி சேர்ந்து ஒலித்தால், மூன்றாவதாக ஒரு மெல்லிய ஓசை எழும். எந்தக் குழலிலிருந்தும் அது வருவதில்லை. எல்லாக் குழலுக்கும் கிட்டத்தில் காது வைத்துப் பார்த்துவிட்டார். ‘அழைக்காமலே வருகிறதே, இது யார்?’ என்று சிலுவை வரைந்துகொண்டார்.

வாசித்துக்கொண்டிருந்த வெளிநாட்டுச் சாமியார் ஊர் திரும்பியபோது ஆர்கனுக்கு ஆள் இல்லாமல் போயிற்று. காதால் கேட்டதை விரலால் தேடித் தேடி, மூன்று வருஷத்தில் தொம்மையாரே வாசிக்கலானார். அலமாரியில் கிடந்த கையெழுத்து நோட்டுகளைப் புள்ளி புள்ளியாகப் படித்து, நானூறு வருஷத்துக்கு முந்திய பாட்டுகளை ஊர் ஜனங்களைக் கொண்டே பாடவைத்தார். நாள் முழுவதும் கடலிலும் சந்தையிலும் நின்ற பதினொரு பேர் சாயங்காலம் வந்து அவர் கையைப் பார்த்து நிற்பார்கள். மேல்குரலுக்கு அவர் மனைவி கத்தரீனாள். இரண்டாம் குரலுக்கு ஆப்பக்கடை ரொசாலியம்மாள். மூன்றாம் குரலுக்கு வள்ளம் பழுதுபார்க்கும் கோமஸ். அடிக்குரல் தொம்மையாருடையது.

பெரிய வியாழனன்று மணியும் ஆர்கனும் ஓய்ந்துவிட்டால், உயிர்ப்புத் திருநாள்வரை இரண்டும் வாய் திறக்கக் கூடாது. மணிக்குப் பதிலாக மரக்கட்டைதான் ஒலிக்கும். ஆகவே பெரிய வெள்ளி மூன்று மணிக்கு ஜனங்கள் வரிசையாகப் போய்ச் சிலுவையில் உதடு பதித்து முத்தி செய்யும்போது, வெறும் குரலால் நாலு பங்கும் சேர்த்து வியாகுலப் பாட்டைப் பாடுவார்கள். அந்த ஒரு பாட்டுக்காகவே தொம்மையார் வருஷம் முழுவதும் உயிர் வாழ்ந்தார் என்று சொல்லலாம்.

“நாலும் நேரா நின்னா மேல அஞ்சாவதா ஒண்ணு கேக்கும். அத யாரும் பாட வேண்டாம், தானா வரும்” என்று தம் ஆட்களுக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார்.

“எங்க வே உம்ம அஞ்சாம் குரலு? மீனு மாதிரி நழுவிக்கிட்டே இருக்கே!” என்று கோமஸ் கேலி செய்வார். எல்லாரும் சிரிப்பார்கள். தொம்மையாரும் சிரிப்பார். ஆனால் அது ஒருநாளும் கேட்கவில்லை.

அடியார்களுக்கும் சறுக்கல் உண்டு. ஒரு பெரிய வெள்ளியன்று பாட்டு வெகு அழகாகப் போய்க்கொண்டிருந்தது. கோமஸுக்குத் தம் பங்கைவிட மேல்குரலின் மெட்டு பிடித்துப்போய், தம்மை அறியாமல் அதற்குத் தாவிவிட்டார். கீழே இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திராது. தொம்மையாருக்கோ கட்டிய வீட்டில் ஒரு தூணைப் பிடுங்கினாற்போல் இருந்தது. கைப்பிடிச் சட்டத்தில் ஓங்கி அறைந்து, பாட்டை நடுவில் நிறுத்தி, “மூணாங்குரல் எங்க?” என்று கத்திவிட்டார். முத்தி செய்யக் குனிந்த ஜனமெல்லாம் நிமிர்ந்து மாடியைப் பார்த்தது.

கோமஸ் முகம் கறுத்தது. “ஆண்டவரு செத்த நேரத்துல என்னிய ஊருக்கு முன்னால அம்மணமாக்கிட்டீரே. உம்ம பாட்டு உம்மகிட்டயே இருக்கட்டும் வே” என்று படியிறங்கிப் போனார். ஒருவர் பின் ஒருவராக மற்றவர்களும் இறங்கினார்கள். கத்தரீனாள் மட்டும் நின்றாள்.

அன்று மாலையே தொம்மையார் கோமஸின் வாசலுக்குப் போனார். “தப்பு எம்மேலதான் கோமசு. அந்த எடத்துல நான் வாயத் தொறந்திருக்கக் கூடாது” என்றார். உள்ளே இழைப்புளி ஓடும் சத்தம் நின்றது. பிறகு மறுபடி ஓடியது. கதவு திறக்கவில்லை. ஒரு வாரம் நாள்தோறும் போய் நின்றார். எட்டாம் நாள் கோமஸின் மனைவி ஜன்னல் வழியாக, “அண்ணே, இனிமே வராதிய. நீங்க வந்துட்டுப் போனா அவரு சோறு திங்க மாட்டேங்காரு” என்றாள். அதன்பின் அவர் போகவில்லை.

ஆறு வருஷம் புருஷனும் பெண்சாதியுமாக மேல்குரலையும் அடிக்குரலையும் மட்டும் பாடினார்கள். பிறகு கத்தரீனாளையும் காய்ச்சல் கொண்டுபோயிற்று. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தவர், பழக்கத்தில் இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தார். ஒன்றைத் திரும்பக் கழுவிக் கவிழ்த்தார்.

கடற்காற்றில் ஆர்கனும் துருவேறி, ஒவ்வொரு குழலாக ஊமையாயிற்று. கீழே பீடத்துக்குப் பக்கத்தில் கீபோர்டும் டிரம்ஸும் வந்தன. அவை நன்றாகவே ஒலித்தன. தொம்மையார் அவற்றுக்கும் தூசி தட்டினார், வயர் சுருட்டி வைத்தார். ஆனால் பெரிய வெள்ளியன்று கருவிகள் ஓய்ந்திருக்கும் அந்த வேளையில் மட்டும் தனியே மாடிக்கு ஏறி, வியாகுலப் பாட்டில் தம் பங்கைப் பாடினார்.

அதைக் கேட்பவர்களுக்கு விசித்திரமாக இருக்கும். ஆழத்தில் நாலு சுரம் ஒலிக்கும். பிறகு நெடுநேரம் ஒன்றுமே இராது. அந்த வெறுமையில் அவர் கை மட்டும் அசைந்துகொண்டிருக்கும். இடது பக்கம் நீளும், அது கோமஸ் நின்ற இடம். வலது பக்கம் நீளும், அது ரொசாலியம்மாள் நின்ற இடம். கடைசியில் மேலே உயரும். பிறகு திடீரென்று அடிக்குரல் மீண்டும் தொடங்கும். ‘பொத்தல் பாட்டு’ என்று ஊர் பேர் வைத்தது. “என்ன தொம்மையாரே, இந்த வருஷமும் ஓட்டை வலைதானா?” என்று சந்தையில் கேட்பார்கள். “ஆமாப்பா, கண்ணி பெருசு” என்று சொல்லிவிட்டு நடப்பார்.

ரொசாலியம்மாள் ஒருதரம் மனம் பொறுக்காமல், “ஏன்ணே, அந்த மேல்மெட்டையாவது பாடித் தொலைங்களேன். சனம் சிரிக்காமலாவது இருக்கும்” என்றார்.

“அது எம் பங்கு இல்லயே ரொசாலி. அவுக எடத்துல நான் உக்காந்துட்டா, திரும்பி வரும்போது எங்க நிப்பாக?” என்றார் அவர்.

இப்படிப் பத்து வருஷம். பதினோராம் வருஷத் தபசுகாலத்தில், புதிதாக வந்த இன்னாசி சாமியார் அவரை அழைத்தார். சாமியார் கெட்டவரல்லர். “தொம்மை, மாடிப் படியெல்லாம் உளுத்துப் போச்சு. திருநாள் முடிஞ்சதும் மாடியப் பூட்டிடலாம்னு கமிட்டியில முடிவு பண்ணிட்டாங்க. உங்க பாட்டும்... சனங்களுக்குப் புரியல. இந்தப் பெரிய வெள்ளியோட முடிச்சிக்கிடுங்க” என்றார்.

“சரிங்க சாமி” என்றார் தொம்மையார். வெளியே வந்து, வழக்கம்போல் மெழுகு சுரண்ட உட்கார்ந்தார். “ஆண்டவரே, அது முழுசா ஒருதரம் கேக்கணும்னு இருந்தேன். கெடுத்தவனும் நாந்தான். இனி நேரமில்ல. உமக்குப் போதும்னா எனக்கும் போதும்” என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

பெரிய வெள்ளி வந்தது. மரக்கட்டை ஒலித்தது. துணி உரித்த பீடத்தின் முன் சிலுவையைக் கிடத்தினார்கள். ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நகர்ந்தார்கள். மாடியில் தொம்மையார் எழுந்து நின்றார். அவருக்கு எழுபது வயது நடந்துகொண்டிருந்தது. குரலில் கரகரப்பு ஏறியிருந்தது. நாலு சுரம் பாடினார், நிறுத்தினார். கை இடது பக்கம் நீண்டது.

அந்த நேரம் சிலுவைக்கு முன்னால் குனிந்திருந்தவர் கோமஸ். அவருக்கும் தலை நரைத்து, முதுகு வளைந்திருந்தது. முத்தி செய்ய உதடு கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் நின்றவர்கள், “என்ன, மயக்கமா?” என்று தாங்கப் போனார்கள். அவர் நிமிர்ந்தார். பீடத்துக்கு முதுகைக் காட்டி மாடியைப் பார்த்து நின்று, மூன்றாம் குரலை எடுத்தார். எடுக்க வேண்டிய இடத்தில், எடுக்க வேண்டிய சுரத்தில், பதினேழு வருஷம் இடையில் கழியாதது போல எடுத்தார்.

தொம்மையாரின் கை நிற்கவில்லை. அது வலது பக்கம் நீண்டது. பெஞ்சில் முட்டுக்காலில் இருந்த ரொசாலியம்மாள், முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு அழுதவர், வாயைத் திறந்தார். இரண்டாம் குரல் வந்தது. மூன்று குரலும் பிசிறின்றி ஒன்றின்மேல் ஒன்றாக நின்றன. அந்த வரியின் முடிவில் தொம்மையாரின் கை, கத்தரீனாளுக்காக மேலே உயர்ந்தது.

அப்போது மேலே ஒன்று கேட்டது.

மெல்லியதாக, தெளிவாக, ஓட்டுக்கூரைக்குக் கீழே அது நின்றது. வரிசை நகரவில்லை. இன்னாசி சாமியார் தலையுயர்த்திப் பார்த்தார். குழந்தைகள்கூடச் சிணுங்கவில்லை. பாட்டு முடியும்வரை அது இருந்தது, முடிந்தபோது போய்விட்டது.

கோமஸ் மறுபடி திரும்பி, முட்டுக்காலிட்டுச் சிலுவையின் பாதத்தில் முத்தி செய்தார். பிறகு, “படி உளுத்திருக்குங்க” என்று பின்னால் நின்றவர்கள் சொல்லச் சொல்லக் கேளாமல் மாடிக்கு ஏறினார்.

“பதினேழு வருசமாக் கைய நீட்டிக்கிட்டே நிக்கீரே வே. எனக்குத்தான்னு எனக்குத் தெரியும்” என்றார் கோமஸ். “இன்னைக்குக் குனியும்போது, ‘அங்க ஒருத்தன் கைய நீட்டிக்கிட்டு நிக்கான், நீ என் காலைத் தொட வாரியா’ன்னு கேட்டாப்புல இருந்துச்சு. யாரு கேட்டதுன்னு என்னிட்ட கேக்காதீரும்.”

தொம்மையார் இடதுபக்கத்துப் பலகையைக் காட்டினார். தினமும் துடைத்துத் துடைத்து, அங்கே மட்டும் மரம் வழவழப்பாக இருந்தது. “உம்ம எடம் அப்படியேதான் இருக்கு” என்றார்.

மேலே கேட்டது யாருடைய குரல் என்று ஊரில் இன்றும் பேசிக்கொள்கிறார்கள். மூன்று பேர் பாடியதால் அதை நாலாவது என்பதா, தொம்மையார் வாக்குப்படி ஐந்தாவது என்பதா என்று வாதாடுகிறவர்களும் உண்டு. சுருதி சுத்தமாக நின்றால் அப்படி ஓர் ஓசை எழுவது இயல்புதான் என்று சங்கீதம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். அதே சுருதிக்காகச் சட்டத்தில் அறைந்து கத்திய நாளில் வராதது, பிறருடைய இடத்தைப் பறிக்காமல் காத்து நின்ற நாளில் அல்லவா வந்தது? தொம்மையாரைக் கேட்டபோது, “கத்தரீனா கூடவே வந்தா போல” என்று மட்டும் சொல்லிவிட்டு, மெழுகு சுரண்டப் போனார்.

மாடிப் படிக்குக் கோமஸே புதுப் பலகை வெட்டிப் போட்டார். தம் பங்கை மட்டும் பாடி, மற்றவர் பங்குக்கு மௌனத்தால் பாய் விரித்து வைத்திருந்த அந்த நல்லடியாரின் நீட்டிய கை நம் நினைவை விட்டு நீங்காதிருக்கட்டும்.