எலுமிச்சம்பழத்தை ஒளித்த இளவரசி

முன்னொரு காலத்தில், கையில் எலுமிச்சம்பழம் இல்லாமல் யாரும் அரசரைப் பார்க்க முடியாத ஒரு நாடு இருந்தது. குவிந்த பழங்களைப் பார்த்த அரசருக்கு ஒருநாள் விளையாட்டு ஆசை பிறந்தது. மூன்று செப்புக்குடங்களில் ஒன்றில் பழத்தைப் போட்டுவிட்டு, மூன்று வயது மகள் மாதினியைத் தேடச் சொன்னார். அவள் முதல் குடத்தில் கையை விட்டாள். அங்கே இல்லை. எடுத்தாள், மறுபடியும் அதே குடத்தில் விட்டாள்.

அமைச்சர் கனகராயர் செருமினார். "விகடகவி தாண்டவனோடு ஆடித் திரிந்தால் அறிவு எப்படி வளரும், அரசே?"

அரசரின் முகம் சுருங்கியது. "தாண்டவா! நாளை அமைச்சர் ஒளிப்பதை இவள் கண்டுபிடிக்க வேண்டும். எப்படித் தேடுவது என்று நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரக் கூடாது. தவறினால் நாட்டை விட்டுப் போ!"

தாண்டவன் மாதினியைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தான். இந்தக் குட்டியின் சிரிப்பை விட்டு எங்கே போவது? நந்தவனத்தில் பழத்தை அவள் கையில் கொடுத்தான்.

"கண்ணு, இன்னிக்கு நீ ஒளிச்சு வை. நான் தேடுறேன்."

அவள் செடிக்கடியில் ஒளித்தாள், பூக்கூடையில் ஒளித்தாள். தாண்டவன் வேண்டுமென்றே ஒரே புதரை இரண்டு முறை கிளறினான்.

"அங்கதான் பாத்தாச்சே, மக்கு!"

தாண்டவனுக்கு மெய்சிலிர்த்தது. கடைசியில் அவள் பழத்தைப் பாவாடைக்குள் சுருட்டிக்கொண்டு மூச்சுவிடாமல் நின்றாள். அந்த நிற்பைப் பார்த்தே அவன் கண்டுபிடித்துவிட்டான்.

மறுநாள் அவை கூடியது. மாதினி முதல் குடத்தைப் பார்த்தாள், இரண்டாவதைப் பார்த்தாள், மூன்றாவதையும் பார்த்தாள். எல்லாம் காலி.

"பாருங்கள், மறுபடி முதல் குடத்துக்கே போவாள்," என்றார் கனகராயர்.

அவள் போகவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தவள் அவர் முன்னால் நின்றாள்.

"மாமா, கொஞ்சம் குனிங்க."

"எதற்குத் தாயே?"

"சும்மா குனிங்களேன்!"

கனகராயர் இரண்டு கைகளாலும் தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த பிடியில் உள்ளேயிருந்த எலுமிச்சம்பழம் நழுவித் தரையில் உருண்டது.

"எப்படியம்மா தெரிந்தது?" என்றார் அரசர்.

"எல்லாரும் எட்டி எட்டிப் பாத்தாங்க. மாமா மட்டும் தலைய ஆட்டவே இல்ல. ஒளிச்சு வச்சா அப்படித்தான்ப்பா நிக்கணும்!"

அரசர் தாண்டவன் பக்கம் திரும்பினார். "சொல்லித்தரக் கூடாது என்றேனே?"

"தேடுவதைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, அரசே. ஒளிக்கத்தான் சொன்னேன்."

அரசர் வயிறு குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றித் தாண்டவனுக்குப் போட்டார். அதற்குள் மாதினி பழத்தைப் பொறுக்கிக்கொண்டு அமைச்சரின் அங்கியை இழுத்தாள்.

"மாமா, இப்ப நீங்க கண்ண மூடுங்க."