டீயா, காபியா?

வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் அந்தக் கூர்நோக்கு இல்லத்தில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்து நான்கு. குரு, மனநல ஆலோசகர் நஸ்ரின். சீடர், ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, தபாலில் உளவியல் படித்துவிட்டு ஆலோசகர் பயிற்சிக்கு வந்திருந்த ஜெபமணி. மனிதர் வீம்புக்காரர்தான், ஆனால் நல்ல மனசு.

அன்று அவர் எழுதியிருந்த அறிக்கை இசக்கிராஜைப் பற்றியது. பதினாறு வயது. திருட்டு வழக்கில் உள்ளே வந்து ஏழு மாதம். அவனை வீட்டுக்கு அனுப்புவதா வேண்டாமா என்று மறுநாள் இளைஞர் நீதிக் குழுமம் முடிவு செய்ய வேண்டும். இந்த அறிக்கையைத்தான் கேட்பார்கள்.

ஜெபமணிக்கு அவனைப் பற்றிச் சந்தேகமே கிடையாது. பையன் தங்கம். நில் என்றால் நிற்பான், சாப்பிடு என்றால் சாப்பிடுவான். ஏழு மாதத்தில் அவன்மேல் ஒரு புகார் இல்லை. ‘மனநலம் நன்று’ என்று எழுதி நீட்டினார். நஸ்ரின் கையெழுத்துப் போடவில்லை.

“இவனுக்கு என்ன குறை, மேடம்?”

நஸ்ரின் இசக்கிராஜை வரவழைத்து உட்கார வைத்தார்.

“டீயா, காபியா, தம்பி?”

அவன் வாசலில் நின்ற காவலரைப் பார்த்தான். பிறகு ஜெபமணியைப் பார்த்தான்.

“நீங்க சொல்றது, மேடம்.”

“நான் சொல்ல மாட்டேன். உனக்கு எது வேணும்?”

அவனுக்கு வியர்த்தது. கால்மணி நேரம் போயிற்று. எதையாவது கொடுத்துத் தொலைக்காமல் பிள்ளையை ஏன் இப்படி வதைக்கிறார் என்று ஜெபமணிக்கு மனசு கேட்கவில்லை. டீ சொல்ல எழுந்தவரை நஸ்ரின் கையமர்த்தினார். மறுபடியும் காத்திருந்தார்கள்.

கடைசியில் அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“ரெண்டும் வேண்டாம்.”

சொன்ன கையோடு தோளைக் குறுக்கிக்கொண்டான். அடிக்குத் தயாராகிவிட்டான்.

“சரிப்பா,” என்றார் நஸ்ரின். அவ்வளவுதான். அவன் நம்ப முடியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனான்.

ஜெபமணிக்குத் தலை சுற்றியது. நேற்றுவரை சொன்னபடி கேட்ட பையன் இன்று வேண்டாம் என்கிறான், இதை நல்லது என்று எழுதுவதா, கெட்டது என்று எழுதுவதா என்று கேட்டார். ‘நன்று’ என்பதை அடித்துவிட்டு, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள் என்றார் நஸ்ரின்.

எழுதினார். எழுதிவிட்டும் பேனாவை மூடவில்லை.

“அப்போ வீட்டுக்கு அனுப்பலாமா, கூடாதா? எனக்கு ஒண்ணும் புரியல, மேடம்.”

“வீட்டுக்குப் போறியான்னு அவன்கிட்ட இதுவரைக்கும் யாராவது கேட்டிருக்கோமா, சார்?”