வேட்டை தூங்கினால் கஞ்சி வேகும்

வத்தலக்குண்டில் சவரிமுத்து பேண்டு செட்டைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்கள் யாரும் கூப்பிடுவதும் கிடையாது. வாசிப்பில் குறை சொல்ல முடியாது, நேரத்துக்கு வருவதில்தான் கோளாறு. வெறும் வயிற்றோடு ஊதினால் தலை சுற்றும் என்று செட்டில் இருக்கிற நாலு பேரும் போகிற வழியில் இட்லிக் கடையில் உட்கார்ந்துவிடுவார்கள். கை கழுவி மண்டபம் போய்ச் சேர்வதற்குள் தாலி கட்டி, பந்தி முடிந்து, அண்டா கழுவிக்கொண்டிருப்பார்கள். போன ஆவணியில் மாப்பிள்ளை வரவேற்புப் பாட்டை அண்டா கழுவுகிறவர்களுக்குத்தான் வாசித்தார்கள். அவர்களும் கையைத் துடைத்துக்கொண்டு மரியாதையாக நின்று கேட்டார்கள்.

இவர்களை இன்னும் கூப்பிடுகிற ஒரே மனிதர் மண்டபத்து முதலாளி தில்லைநாயகம். அவரும் ஒருநாள் பொறுமை இழந்தார்.

"வெள்ளிக்கிழமை என் மக கல்யாணம். காலையில ஆறு மணிக்கு மாப்பிள்ளை வாசலுக்கு வர்றாரு. அப்ப உங்க சத்தம் கேக்கணும். கேக்கல, அப்புறம் இந்த மண்டபத்துப் பக்கம் ஒருத்தனும் தலைவச்சுப் படுக்கக் கூடாது."

"நின்னுக்கிட்டுத்தானண்ணே வாசிக்கிறோம், படுக்கிறதுக்கு என்னைக்குப் போனோம்?" என்று டிரம்பெட் லூர்துசாமி வழியெல்லாம் வருத்தப்பட்டான். கிளாரினெட் வாசிக்கும் சவரிமுத்துவுக்கு மட்டும் விஷயம் புரிந்தது. இந்த மண்டபமும் போனால் செட்டைக் கலைத்துவிட்டு, சிவப்புக் கோட்டுகளை விற்க வேண்டியதுதான்.

கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை ஜெசிந்தாவிடம் போனில் அழுதார். அவள் ஒரு ஸ்லோ குக்கரும் ஓட்ஸ் பாக்கெட்டும் பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். கரண்டில் மெதுவாக வேகவைக்கும் சட்டி, கண்ணாடி மூடி.

"அண்ணே, ராத்திரி ஓட்ஸ், தண்ணி, பால் எல்லாத்தையும் ஊத்தி, உப்பு ருசி பாத்துப் போட்டு, சுவிட்சத் தட்டிட்டுப் படுத்துருங்க. நீங்க தூங்கத் தூங்க அது வெந்துரும். எந்திரிச்சதும் குடிச்சிட்டுக் கிளம்ப வேண்டியதுதான். வேகுற வரைக்கும் மூடிய மட்டும் திறந்துராதீங்க."

வியாழக்கிழமை சாயங்காலமே சவரிமுத்து வீட்டில் வேலை தொடங்கியது. சவரிமுத்து உப்பை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். மற்ற மூவரும் பார்த்தார்கள்.

"எப்படிடா இருக்கு?"

"நல்லாக் கரிக்குதுண்ணே" என்றான் தாளத்தட்டு மாயக்காளை.

"அப்ப உப்பு சரியா இருக்கு. இதுக்கு மேல போட வேண்டியதில்ல" என்று சவரிமுத்து டப்பாவை மூடிவைத்தார்.

சுவிட்சைத் தட்டினார்கள். படுத்தார்கள். மூன்று பேர் குறட்டை விட, பெரிய டிரம் அடிக்கும் ஒண்டிவீரன் மட்டும் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் புரண்டுகொண்டிருந்தான். மாயக்காளை கண்ணைத் திறந்து பார்த்துப் பதறிப்போனான்.

"அண்ணே! இவன் தூங்கல. மூணு பேர் தூக்கத்துல முக்கா கஞ்சிதான் வேகும்."

சவரிமுத்து எழுந்து உட்கார்ந்து யோசித்தார். "ஒண்டி, நீ வீட்டுக்குள்ள இருந்தாத்தான கணக்குல வருவ? வெளிய போயிரு."

நியாயமான பேச்சு என்று ஒண்டிவீரனும் ஒத்துக்கொண்டு கிளம்பினான். இருட்டில் கால் தடுக்கி, தன் டிரம்மின் மேலேயே விழுந்தான். அந்தச் சத்தத்தில் வீடே எழுந்துவிட்டது.

"போச்சு! நாலு பேரும் முழிச்சிட்டோம். கஞ்சி நின்னுபோயிருக்கும்" என்று லூர்துசாமி தலையில் அடித்துக்கொண்டு சட்டியிடம் ஓடினான். கண்ணாடி மூடிக்குக் கீழே கஞ்சி பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது.

நாலு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

"யாரோ தூங்குறாங்க" என்றார் சவரிமுத்து.

தேடினார்கள். வாசற்படியில் தெருநாய் ஒன்று சுருண்டு கிடந்தது. அதற்கு வேட்டை என்று பெயர் வைத்தவன் யாரோ, அது எழுந்து நின்று பார்த்தவர்கள் குறைவு. டிரம் விழுந்த சத்தத்துக்கும் அது காதைக்கூட அசைக்கவில்லை.

"பாவம்டா, வாயில்லா ஜீவன். நமக்காக ஒத்தையில வேகவச்சிட்டிருக்கு" என்றார் சவரிமுத்து. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வேட்டையின் மேல் தன் சிவப்புக் கோட்டைப் போர்த்திவிட்டார். பிறகு ஒண்டிவீரன் உட்பட எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

விடிவதற்கு முன்பே எழுந்தார்கள். அதுவரை எல்லாம் சரி. ஆனால் வேட்டை இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது.

"அப்ப இன்னும் வெந்துக்கிட்டுத்தான் இருக்கு. மூடியத் தொடக் கூடாது" என்றான் மாயக்காளை.

"நாய எழுப்பிட்டா?"

"பாதி வேக்காட்டுல எழுப்புவியா? வயித்து வலி வந்து நடு ஊர்வலத்துல உக்காந்துருவடா!"

மணி ஐந்தரை ஆனது. வேட்டை எழுந்திருப்பதாக இல்லை. கடைசியில் சவரிமுத்து ஒரு முடிவுக்கு வந்தார். "ரெண்டையும் தூக்குங்கடா."

"பிளக்கப் பிடுங்கினா வேகாதேண்ணே?" என்றான் லூர்துசாமி.

"தங்கச்சி சுவிட்சத் தட்டச் சொன்னா, தட்டியாச்சு. அந்த வேலை அத்தோட முடிஞ்சுது. வேகுறது தூக்கத்துலடா."

டிரம்மைப் படுக்கப் போட்டு, அதன்மேல் கோட்டோடு வேட்டையைக் கிடத்தி, ஒண்டிவீரனும் மாயக்காளையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். சட்டியைத் துண்டில் சுற்றி லூர்துசாமி இடுப்பில் வைத்துக்கொண்டான். குலுங்காமல் நடந்து, சரியாக ஆறு மணிக்கு மண்டபத்து வாசலில் நின்றார்கள். செட் ஆரம்பித்த நாளிலிருந்து இப்படி நடந்ததே இல்லை.

மாப்பிள்ளை காரை விட்டு இறங்கினார். தில்லைநாயகம் பெருமையாகக் கையைக் காட்டினார். சத்தம் வரவில்லை.

"வாசிங்கப்பா!"

சவரிமுத்து உதட்டில் விரலை வைத்தார். "மெதுவாப் பேசுங்கய்யா. சமையல் நடக்குது."

மாப்பிள்ளை இரண்டு நிமிடம் காத்திருந்தார். பிறகு செருப்புச் சத்தம் மட்டும் கேட்க உள்ளே போனார். தில்லைநாயகத்துக்கு ரத்தம் தலைக்கேறியது. "உங்களையெல்லாம் நம்பினேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்!" என்று தெருக்கோடி வரை கேட்கக் கத்தினார்.

வேட்டை எழுந்து சோம்பல் முறித்தது.

"வெந்துருச்சு!" என்று நாலு பேரும் துள்ளினார்கள். லூர்துசாமி மூடியைத் திறந்தான். ஆவி பறந்தது. மகள் கல்யாண வேலையில் முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சாப்பிடாத தில்லைநாயகத்துக்கு அந்த வாசனை கோபத்தைக் கொஞ்சம் இறக்கியது. ஒரு கரண்டி வாங்கிக் குடித்தார். இன்னொரு கரண்டி கேட்டார்.

"உப்பு இல்ல. மத்தபடி நல்லாக் குழைஞ்சிருக்கு. யாரு சமையல்?"

"அவருதாங்க" என்று சவரிமுத்து சிவப்புக் கோட்டோடு நின்ற வேட்டையைக் காட்டினார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னார். "உப்பு எங்க பொறுப்புங்க. நாங்க நாலு பேரும் ருசி பாத்தோம், நல்லாத்தான் கரிச்சுது."

தில்லைநாயகம் நாயைப் பார்த்தார், சட்டியைப் பார்த்தார். கேஸ் விற்கிற விலையை நினைத்தார். பிறகு வேட்டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சமையல்கட்டுக்குப் போய்விட்டார்.

வேலை போனதா இருக்கிறதா என்று தெரியாமல் நாலு பேரும் மீதிக் கஞ்சியைக் குடித்தார்கள். வயிறு நிறைந்ததும் மனசு நிறைந்துவிட்டது. கடமை என்று ஒன்று இருக்கிறதே. சவரிமுத்து கிளாரினெட்டை வாயில் வைத்து, போன ஆவணியில் வாசித்த அதே வரவேற்புப் பாட்டை எடுத்தார். ஒண்டிவீரன் டிரம்மில் ஓங்கி ஒன்று போட்டான்.

உள்ளேயிருந்து பட்டு வேட்டி அவிழ அவிழ தில்லைநாயகம் ஓடிவந்தார்.

"டேய், நிறுத்துங்கடா பாவிகளா! இப்பத்தான் தட்டிக்கொடுத்துத் தூங்க வச்சிருக்கேன். ஐந்நூறு பேருக்குச் சாம்பார் பாதியில நிக்குது!"