உயர்வு மட்டும் போதும்

கோணக்குளம் ஊராட்சித் தலைவர் பூவராகனுக்கு இரண்டு தோள்பட்டையிலும் வலி. வாயை விட்டதுதான் காரணம். "சம்பள உயர்வுக்குத் தீர்மானம் போட்டாச்சு. அடுத்த வாரம் உனக்கு மாவரைக்கிற கிரைண்டர்" என்று மனைவி கோமளவல்லியிடம் சொல்லியிருந்தார்.

அந்த அம்மாள் அந்த நிமிஷமே ஆட்டுக்கல்லை விட்டு எழுந்துவிட்டாள். "அது வர்ற வரைக்கும் நீங்க ஆட்டுங்க."

கிரைண்டர் வரவில்லை. அரசாங்கக் கடிதம்தான் வந்தது. எழுத்தர் தணிகாசலம் ஐந்து பேர் கூடிய கூட்டத்தில் அதைப் படித்தார். வரவைவிடச் செலவு கூடியிருக்கும்வரை, தேர்தலில் வென்றவர்களுக்குச் சம்பள உயர்வு கிடையாது, சிக்கனமாக இருக்கவும்.

"இருந்துட்டாப் போச்சு" என்றார் உறுப்பினர் நாச்சிமுத்து. "பன்னிரண்டு தெருவுக்குப் பன்னிரண்டு விளக்குக் கம்பம் எதுக்கு? ஒண்ணு போதும். தினம் ஒரு தெருவுக்குத் தூக்கிட்டுப் போவோம்."

"மத்த நாளெல்லாம் இருட்டா இருக்குமே?"

"அமாவாசை மாதிரிதான் தலைவரே. நாள் தெரிஞ்சுட்டா பழகிடும்."

பதினொரு கம்பங்களைப் பிடுங்கி அலுவலகத்தின் பின்னால் படுக்க வைத்தார்கள். கம்பங்களோடு வீட்டு மின்சாரமும் போனது. மிச்சமிருந்த ஒற்றைக் கம்பத்தைத் தினமும் பிடுங்க, தூக்க, நட, கம்பி கட்ட ஆறு ஆள். மாதக் கடைசியில் பார்த்தால், விளக்கில் மிச்சம் பிடித்ததைப் போல மூன்று பங்கு கூலிக்குப் போயிருந்தது.

பூவராகன் தோளைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அப்போது ஜெகதாம்பாள் வாயைத் திறந்தாள். ஐந்து பேரில் மூளைக்காரி என்று பெயரெடுத்தவள் அவள்.

"தேர்தல்ல ஜெயிச்சவங்களுக்குத்தானே உயர்வு கிடையாது? நாம ஜெயிக்காதவங்களா ஆயிட்டா?"

எல்லோரும் கடிதத்தை வாங்கி இன்னொரு தடவை படித்தார்கள்.

"நான் நாப்பது வருஷம் ஜெயிக்காமத்தான் இருந்தேன்" என்றார் பூவராகன் மெதுவாக. "ஒரு கடுதாசியும் என்னைத் தடுக்கலை."

ஐந்து பேரும் ராஜினாமா செய்தார்கள். மறுநாள் காலையில் உயர்வை வாங்கிக்கொள்ள வரிசையில் நின்றார்கள்.

"பதவி இல்லேன்னா சம்பளமே கிடையாதுங்களே" என்றார் தணிகாசலம்.

"சம்பளம் யாருய்யா கேட்டா? உயர்வு மட்டும் போதும்" என்றார் பூவராகன்.

தணிகாசலம் தலையைச் சொறிந்தார். "நீங்க போன தேர்தல்ல ஜெயிச்சதாத்தான் ஏட்டுல இருக்கு."

"அப்போ இந்தத் தேர்தல்ல தோத்துட்டா?"

"தோத்ததா எழுதிடுவேன்."

இடைத்தேர்தல் அறிவித்தார்கள். ஐந்து பேரும் மனுத் தாக்கல் செய்தார்கள். நிற்காமல் எப்படித் தோற்பது? தலைவர் பதவிக்குப் பூவராகனை எதிர்த்து டீக்கடை சடகோபன் நின்றார். பூவராகனுக்கு நிம்மதியாக இருந்தது. மற்ற நால்வரும் ஆளுக்கொரு எதிரியைக் கெஞ்சிக் கூட்டிவந்து நிறுத்தினார்கள்.

பூவராகன் வீடு வீடாகப் போய்க் கைகூப்பினார். "தாயே, எனக்கு ஓட்டுப் போட்டுடாதீங்க. விளக்கை அணைச்சது நான்தான். ஒரு வேலையும் உருப்படியா செஞ்சதில்லை."

ஊர் உருகிவிட்டது. "ஓட்டுக் கேக்குறவனைப் பார்த்திருக்கோம். வேண்டாம்னு சொல்ற உத்தமனை எங்கே பார்த்தோம்?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் அழுதார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் அழுதார்கள்.

வாக்கு எண்ணினார்கள். சடகோபனுக்கு விழுந்தது ஒரே ஓட்டு. அது பூவராகன் போட்டது. சடகோபனே மனமுருகிப் பூவராகனுக்குப் போட்டிருந்தார். மற்ற நால்வரும் அதே மாதிரி அமோகமாக ஜெயித்துத் தொலைத்தார்கள்.

தேர்தல் செலவில் கஜானாவின் அடி தெரிந்தது. மாலை வாடுவதற்குள் முதல் கூட்டம் கூடியது.

"உயர்வுன்னு தீர்மானம் போட்டாச்சு" என்றார் நாச்சிமுத்து. "போட்ட தீர்மானத்தை வீணாக்கக் கூடாது. யாருக்காவது குடுத்தாகணும்."

"ஜெயிச்சவங்களுக்குக் கூடாது. அப்போ தலைவர் தேர்தல்ல தோத்த சடகோபனுக்குக் குடுப்போம்" என்றாள் ஜெகதாம்பாள். தணிகாசலம் எழுதிக்கொண்டார்.

மறுவாரம் சடகோபன் வீட்டில் புத்தம் புது கிரைண்டர் இறங்கியது. கோமளவல்லி வாசலில் நின்று பார்த்தாள். ஊறவைத்த அரிசி வாளியைப் புருஷன் கையில் கொடுத்தாள், அவ்வளவுதான்.

"தாராளமா அரைச்சுக்கங்க அண்ணே" என்றார் சடகோபன். "ஆனா இன்னிக்குக் கம்பம் வடக்குத் தெருவுல நிக்குது. எங்க தெருவுக்குக் கரண்ட் வர இன்னும் ஒன்பது நாள் ஆகும்."

ஊராட்சி அவசரமாகக் கூடிப் புதுத் தீர்மானம் போட்டது. கம்பம் போகும் தெருவுக்குக் கிரைண்டரும் போக வேண்டியது. அதற்கு இன்னும் ஆறு ஆள்.

இப்போதெல்லாம் மாலையானால் கோணக்குளத்தில் ஊர்வலம்தான். முன்னால் கம்பம், அதன் பின்னால் கிரைண்டர், அதன் பின்னால் தோளில் தைலம் மணக்க, வாளியோடு பூவராகன். சனங்கள் வாசலுக்கு வந்து கும்பிடுகிறார்கள்.

"பிரசாரம் இப்பவே ஆரம்பிச்சாச்சா தலைவரே? கவலையே படாதீங்க. அடுத்த தடவையும் உங்களுக்குத்தான்!"