ஸ்ட்ராபெர்ரிக்குக் கை முளைத்த விதம்

செடிகளுக்கு வாயும் பேச்சும் இருந்த அந்தக் காலத்தில், ஸ்ட்ராபெர்ரிச் செடி நட்ட இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூட நகராது. அவரை பந்தல் ஏறும், பூசணி கூரையில் படரும், ஸ்ட்ராபெர்ரி மட்டும் ஒற்றைக் குத்தாக மண்ணோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். பழுத்தால் பழத்தைக் கொடுக்கும், கேட்டால் பதில் சொல்லும். அவ்வளவு சாதுவான செடி.

மேல்மலையில் பனிவயல் என்று ஓர் ஊர். அங்கே வேலாத்தா என்ற பெண் இருந்தாள். அவளுக்குப் பவளாயி, நாச்சி என்று இரண்டு மகள்கள். ஒரு மழைக்காலத்தில் அவள் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தான். வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டம் மட்டும் மிஞ்சியது. தினையும் அவரையும் கீரையும் அதில் விளைந்துதான் மூன்று வயிறும் நிறைய வேண்டும். தோட்டத்தின் ஓரத்தில் ஸ்ட்ராபெர்ரிச் செடி ஒன்றும் இருந்தது. அதற்கு அப்பால் அவரைப் பந்தல், அதையும் தாண்டி எல்லைக்கல் வரிசை. கல்லுக்கு அந்தப் பக்கம் புருஷனின் தம்பி சடையனுடைய பூண்டு வயல்.

பனி இறங்கினால் அந்த ஊரில் நீட்டிய கை தெரியாது. அப்படிப்பட்ட காலை வேளைகளில் சடையன் வருவான். எல்லைக்கல்லை ஒரு சாண் இந்தப் பக்கம் தள்ளி வைப்பான். அங்கே நின்ற அவரையைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பூண்டை ஊன்றுவான். பனி விலகும்போது கல் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். முதலில் வேலாத்தாவுக்குப் பிடிபடவில்லை. அவரைப் பந்தலில் பாதி போன பிறகுதான் கயிறு எடுத்து அளந்து பார்த்தாள். எட்டு முழம் குறைந்திருந்தது.

ஊர் வழக்கை மணியக்காரர்தான் தீர்ப்பார். அவர் முன்னால் போய் நின்றாள். சடையனையும் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த ஊரில் மண்ணுக்கு ஒரே ஒரு சட்டம்தான் இருந்தது. யாருடைய செடி வேர் பிடித்திருக்கிறதோ, மண் அவருக்கு.

"அந்த எட்டு முழத்துல இப்ப யார் செடி நிக்குது?" என்று மணியக்காரர் கேட்டார்.

"அவன் பூண்டு நிக்குது. என் அவரையைப் பிடுங்கிட்டுல்ல நட்டிருக்கான்!"

"பிடுங்குனதைப் பார்த்தவங்க யாரு?"

"பனிக்குள்ள யாருக்குங்க தெரியும்? என் ஸ்ட்ராபெர்ரி பக்கத்துலயே இருந்து பார்த்துச்சு. அதைக் கேளுங்க."

"தண்ணி ஊத்துறவங்க பக்கம்தான் செடி பேசும். செடியோட சாட்சி செல்லாதும்மா."

சடையன் மெல்லச் சிரித்தான். "மதினி, உங்களுக்கு ரெண்டும் பொம்பளைப் பிள்ளைங்க. நாளைக்குக் கட்டிக்கிட்டு இன்னொரு வீட்டுக்குப் போகப்போறதுங்க. அதுங்களுக்கு எதுக்கு இம்புட்டு மண்ணு? எனக்குத்தானே வந்து சேரப்போகுது. கொஞ்சம் முந்தி எடுத்துக்கிட்டேன்னு வச்சுக்கங்க."

கூட்டத்தில் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பவளாயியும் நாச்சியும் அம்மாவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சிரித்தவர்களைவிட, தரையைப் பார்த்தவர்கள் மேல்தான் வேலாத்தாவுக்குக் கோபம் அதிகமாக வந்தது.

அவள் வீட்டுக்குள் போகவில்லை. நேராகத் தோட்டத்துக்குப் போனாள். எல்லைக்கல் இப்போது ஸ்ட்ராபெர்ரிச் செடியை ஒட்டி நின்றது.

"அடுத்த பனிக்கு நான்தான்," என்றது செடி. "அவரையைப் பிடுங்கும்போதே என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுப் போனான்."

"பார்த்துட்டுச் சும்மா இருந்தியா?" வேலாத்தா சீறினாள். "அவன் தள்ளத் தள்ள இடத்தைக் கொடுத்துட்டு உட்கார்ந்திருக்கியே, உனக்கு வெட்கமா இல்லை? எழுந்து போ! போய் என் எட்டு முழத்தை மீட்டுக்கிட்டு வா!"

"எனக்குக் கால் இல்லையே வேலாத்தா."

"கால் இல்லைன்னா கையை நீட்டு. கை பட்ட இடத்துல வேர் விடு. அங்கிருந்து இன்னொரு கையை நீட்டு. யாரு பிடுங்குனாலும் நிக்காத. போய்க்கிட்டே இரு!"

சொல்லிக்கொண்டே குனிந்து, செடியின் குருத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அவள் கை அடுப்பிலிருந்து எடுத்த கல்லைப்போலக் கொதித்தது. அந்தச் சூடு அப்படியே குருத்துக்குள் இறங்கியது. செடி ஒரு தடவை நடுங்கியது. பிறகு இலைக்கு அடியிலிருந்து சிவந்த நூல்போல ஒரு கை வெளியே வந்தது. அது தரையோடு தரையாக ஊர்ந்து, கல்லைத் தாண்டி, பூண்டுப் பாத்தியில் போய் விழுந்தது. விழுந்த இடத்தில் மூன்று இலை விரிந்தது. வேர் இறங்கியது. அந்த மகள்செடியிலிருந்து இன்னொரு கை புறப்பட்டது.

மூன்றாம் நாள் பனியில் வந்த சடையன் கால் வைத்த இடமெல்லாம் ஸ்ட்ராபெர்ரி இலை. ஆத்திரத்தில் பிடித்து இழுத்தான். கொடி அறுந்தது. அறுந்த துண்டு விழுந்த இடத்தில் வேர் விட்டது. பத்து இடத்தில் பிடுங்கினான், இருபது இடத்தில் முளைத்தது. மூச்சிரைக்க மணியக்காரரிடம் ஓடினான்.

"அங்க யார் செடி வேர் பிடிச்சிருக்கு?" என்று கேட்டார் அவர்.

சடையன் பல்லைக் கடித்தான். "மதினியோட செடி."

"அப்ப அது அவ மண்ணு."

இந்த முறை வேலாத்தா சிரித்தாள். வாய்விட்டு, ஊர் முழுக்கக் கேட்கும்படி சிரித்தாள்.

எட்டு முழமும் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. செடி அதோடு நிற்கவில்லை. சடையனின் பூண்டு வயலுக்குள் இறங்கியது. பூண்டுத் தாள்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாகிச் சாய்ந்தன. சடையனும் அவன் பெண்டாட்டியும் வயல் ஓரத்தில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

"அம்மா, நம்ம இடம் வந்துருச்சு. போதும்னு சொல்லும்மா," என்றாள் மூத்தவள் பவளாயி.

"போதாது. அன்னைக்குக் கூட்டத்துல அவன் பேசுன பேச்சுக்கு இது போதாது."

செடி போய்க்கொண்டே இருந்தது. அதற்குச் சடையன் வயல் எது, வேலாத்தா தோட்டம் எது என்று தெரியவில்லை. அவளுடைய தினைப் பாத்தியையும் மூடியது. மிச்சமிருந்த அவரையின் தூரைச் சுற்றி நெருக்கியது. கீரை விதைக்க ஒரு கையளவு வெறும் மண் இல்லை. இவ்வளவு செடி இருந்தும் ஒரு பழம்கூட இல்லை. செடியின் பலமெல்லாம் கை நீட்டுவதிலேயே போய்விட்டது. முதலில் பழம் நிலக்கடலை அளவுக்குச் சிறுத்தது, பிறகு பூப்பதே நின்றுபோனது. சின்னவள் நாச்சி இலைகளை விலக்கி விலக்கித் தேடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். அன்று அந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை.

மறுநாள் கீழ்வீட்டு ஒச்சாயி வந்தாள். அவளும் புருஷனை இழந்தவள். கீரை விற்றுத்தான் பிழைத்தாள். வாசலில் நின்று கையிலிருந்த வேரோடு பிடுங்கிய கீரைக் கட்டை வேலாத்தாவின் காலடியில் வீசினாள். எல்லாம் வதங்கிப்போயிருந்தது.

"உன் கொழுந்தன் மேல இருக்கிற கோவத்துக்கு என் கீரைப்பாத்தி என்னடி பாவம் பண்ணுச்சு?"

"நான் எங்க உன் பாத்திக்கு வந்தேன்? செடி வந்துச்சு."

"அவன் கல்லைத் தள்ளுனான். நீ செடியைத் தள்ளுற. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்!" ஒச்சாயியின் குரல் உடைந்தது. "அவனாவது பனிக்குள்ள ஒளிஞ்சு வந்தான். நீ பட்டப்பகல்ல வர்ற. நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்? என் மண்ணுல இப்ப உன் செடிதான வேர் பிடிச்சிருக்கு!"

வேலாத்தாவுக்கு முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. தோட்டத்துக்குப் போய்த் தாய்ச்செடியின் முன்னால் நின்றாள்.

"நில்லு," என்றாள்.

"நீதான போகச் சொன்ன?"

"இப்ப நிக்கச் சொல்றேன்."

"முடியாது வேலாத்தா. நானா ஓடுறேன்? நீ உள்ள வச்ச சூடு ஓடுது. உன் கோவத்தை நீ நிறுத்து, நான் நின்னுடறேன்."

வேலாத்தா முயன்று பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டாள், மூச்சை இழுத்து விட்டாள், செத்துப்போன புருஷன் முகத்தை நினைத்தாள். கண்ணைத் திறந்தபோது வயல் ஓரத்தில் சடையன் தெரிந்தான். இரண்டும் பொம்பளைப் பிள்ளைங்க என்று அவன் சொன்னதும், கேட்டுச் சிரித்த முகங்களும், அதைக் கேட்டு நின்ற தன் மகள்களின் முகமும் ஞாபகத்துக்கு வந்தன. உள்ளங்கை மறுபடியும் கொதித்தது.

"என்னால முடியலை," என்றாள். "அது போகாது."

"அப்படின்னா நானும் நிக்கமாட்டேன்."

அவள் வீட்டுக்குள் போய் அரிவாளை எடுத்து வந்தாள். தாய்ச்செடிக்கும் முதல் மகள்செடிக்கும் நடுவில் ஓடிய அந்தச் சிவந்த கையைப் பிடித்து ஒரே வெட்டாக வெட்டினாள்.

செடி அலறியது. பனிவயலில் இருந்த எல்லாச் செடிகளும் ஒரு கணம் பேச்சை நிறுத்தின.

"என் பிள்ளையை என்கிட்டேயிருந்து வெட்டுறியே! அவன் செஞ்சதும் இதுதான!"

"ஆமா, வெட்டுறேன். நான்தான் உன்னை ஏவிவிட்டேன், நானேதான் வெட்டணும். திட்டு, நல்லாத் திட்டு. ஆனா ஒச்சாயி பாத்தியில இனி உன் கை படக்கூடாது."

மூன்று நாள் வெட்டினாள். சடையன் வயலிலும் ஒச்சாயி பாத்தியிலும் வேர் பிடித்திருந்த செடிகளையெல்லாம் மகள்களோடு சேர்ந்து தோண்டி எடுத்தாள். கொடி அறுந்த மகள்செடிகள் சாகவில்லை. சொந்த வேரில் உயிரோடு இருந்தன. அவற்றைக் கூடை கூடையாக எருக்குழிக்குத் தூக்கிப் போனபோது தாய்ச்செடி மறுபடியும் பேசியது.

"வெட்டிக்கோ. வருஷா வருஷம் நான் கையை நீட்டுவேன், நீ வருஷா வருஷம் வெட்டிக்கோ. ஆனா என் பிள்ளைங்களைக் குப்பையில போடாத. எங்கேயாவது மண்ணுல வை. அதுங்க என்ன பண்ணுச்சு?"

வேலாத்தா கூடையைக் கீழே இறக்கி வைத்தாள்.

"இன்னொண்ணு," என்றது செடி. "மூணு வருஷம் போனா எனக்குத் தெம்பு இருக்காது, பழம் சிறுத்துடும். என் இடத்துல நிக்க எனக்குப் பக்கத்துல ரெண்டு பிள்ளையை விட்டு வை."

"விடறேன். ஆனா பழம் இருக்கிற நாள்ல நீ நீட்டுற கையை ஒண்ணுவிடாம நறுக்குவேன். என் பிள்ளைங்களும் சாப்பிடணும்."

செடி சரி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அது அவளிடம் பேசவே இல்லை. மனிதர்கள் யாரோடும் பேசவில்லை.

வேலாத்தா கயிற்றால் அளந்து, தன் புருஷன் முதலில் நட்ட இடத்திலேயே எல்லைக்கற்களைத் திரும்ப ஊன்றினாள். ஒரு விரல்கடைகூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. தாய்ச்செடியையும் அதற்குப் பக்கத்தில் இரண்டு மகள்செடிகளையும் விட்டு வைத்தாள். சடையன் அந்தப் பக்கம் நின்று பார்த்தான். பனி எத்தனையோ தடவை இறங்கியது. கல் நகரவில்லை.

கூடையில் இருந்த செடிகளைச் சட்டியில் மண் நிரப்பி நட்டாள். முதல் சட்டியை ஒச்சாயி வீட்டுக்குத் தூக்கிப் போனாள். ஒச்சாயி கொஞ்ச நேரம் முறைத்தாள். பிறகு வாங்கி வைத்துக்கொண்டாள். பவளாயியும் நாச்சியும் ஊரில் வீட்டுக்கு ஒரு சட்டியாகக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக்கும் கொடுத்தார்கள், தரையைப் பார்த்தவர்கள் வீட்டுக்கும் கொடுத்தார்கள். சடையன் வீட்டுக்கு மட்டும் வேலாத்தா கொடுக்க விடவில்லை.

செடிக்குள் இறங்கிய அந்தச் சூடு இன்றுவரை ஆறவில்லை. ஸ்ட்ராபெர்ரி ஒவ்வொரு வருஷமும் சிவந்த கையை நீட்டி அடுத்த பாத்திக்குள் இறங்கப் பார்ப்பதும், தோட்டம் வைத்திருப்பவர்கள் அதை நறுக்கிவிட்டுத் தாய்க்குப் பக்கத்தில் இரண்டை மட்டும் விட்டு, மீதியைச் சட்டியில் நட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.