மைனா வளர்த்த ஊசிமிளகாய்

காரம் என்று உலகத்தில் ஒன்று இருப்பதை மஞ்சமூக்கன் மைனா பல வருஷங்களாக நம்பவே இல்லை.

ஓடைக்கரைப் பாறையைச் சுற்றி நின்ற ஊசிமிளகாய்ச் செடிகள் அத்தனையும் அதன் வளர்ப்பு. பழுத்த பழத்தை விழுங்கும். பாறைமேல் உட்கார்ந்து எச்சமிடும். மழை பெய்ததும் செடி முளைக்கும். பழம் நகத்தளவுதான். ஆனால் அதில் ஒன்றைத் தின்ற காட்டுப்பன்றி, அலறிக்கொண்டே அடுத்த மலைக்கு ஓடியதாகக் காடே பேசியது.

"தினமும் முப்பது தின்கிறேன். எனக்கு எரிந்ததே இல்லை. எல்லாம் நடிப்பு!" என்றது மைனா.

அந்தக் கோடையில் காட்டில் எதுவும் காய்க்கவில்லை. மிளகாயை விட்டால் ஓடையோரத்து அத்தி மட்டும் பழுத்திருந்தது. அது மைனாக் கூட்டத்தின் மரம். வேறு யார் ஏறினாலும் கொத்தி விரட்டிவிடும்.

வரிச்சி என்ற அணில் மரத்தடிக்கு வந்தது.

"மஞ்சமூக்கண்ணே, கூட்டில் மூணு குட்டி. நான் பட்டினி கிடந்து பாலே வற்றிப்போச்சு. ஒரே ஒரு கிளையை விட்டுக்கொடுங்களேன்!"

"ஏன் தங்கச்சி, பாறையடியில் மிளகாய் சிவந்து கிடக்கிறதே! உனக்குக் கண் தெரியலையா?"

"ஐயோ, அது எரியும் அண்ணே!"

"எத்தனை வருஷமாக இதையே சொல்வாய்? சரி, மூன்றே பழம். என் முன்னால் தின்று காட்டு. கிளை உனக்கு!"

புதரிலிருந்து கீரி தலையை நீட்டியது. "வேண்டாம் வரிச்சி! போன வருஷம் ஒன்றைக் கடித்தேன். அதற்குப் பாம்புக்கடியே பரவாயில்லை!"

"அடேயப்பா, இதோ இன்னொரு நடிகன்!" என்றது மைனா.

அணில் தன் கூட்டை அண்ணாந்து பார்த்தது. பிறகு பாறையடிக்குப் போய் ஒரு பழத்தை இரண்டு கையாலும் பிடித்துக் கடித்தது.

அவ்வளவுதான். உடம்பு தூக்கிப்போட்டது. வால் விறைத்தது. கண்ணீர் கொட்டியது. அதைக் கையால் துடைத்ததும், "கண்ணு! என் கண்ணு!" என்று அலறியது.

மைனா சிரித்தது. "தின்றது வாய். கத்துவது கண்ணா? நடிப்பு கொஞ்சம் அதிகம், தங்கச்சி!"

"கூறுகெட்டவனே! அந்தக் கையால்தானேடா பழத்தைப் பிடித்தாள்!" என்று கீரி கத்தியது.

அணில் இரண்டாவதையும் தின்றது. ஓடைக்கு உருண்டு ஓடி, தண்ணீரில் வாயை முக்கியது. எரிச்சல் அடங்கவில்லை. உதடு வீங்கி, எச்சில் ஒழுக, தடுமாறித் திரும்பி வந்தது.

'இதோ, போதும் என்று சொல்லப்போகிறாள்' என்று மைனா காத்திருந்தது.

அணில் தரையைத் தடவியது. "அண்ணே, மூணாவது எங்கே? கண் தெரியலை. கொஞ்சம் எடுத்துக் கொடுங்க."

மைனாவின் இறகெல்லாம் சிலிர்த்து நின்றது. நடிக்கிறவள் முதல் பழத்திலேயே நிறுத்தியிருப்பாளே!

அந்த மூன்றாவது பழத்தை மைனாவே கொத்தி விழுங்கியது. இனித்தது. எப்போதும் போலவே இனித்தது. காரம் இருக்கிறது, தன் நாக்குக்குத்தான் தெரியவில்லை என்று மைனாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

"விலகுங்கடா! மரத்தில் பாதி இனி இவளுக்கு!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தியது. கனிந்த அத்திகளை ஒவ்வொன்றாகக் கொத்திக் கொண்டுவந்து அணிலின் கையருகே வைத்தது.

வெயில் சாய்ந்தபோது அணிலின் கண் லேசாகத் திறந்தது. மைனா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்காததை அப்போது கேட்டது.

"வரிச்சி, எரிவது என்றால் எப்படி இருக்கும்?"

தன் நாக்கில் எரியாததால் காரமே இல்லை என்று சாதிப்பவன், கண்ணெதிரே துடிப்பவரையும் பொய்யர் என்றே நினைப்பான்.